குன்னூரா, கோத்தகிரியா, ஊட்டியா: ஃபிளாட் வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

திருப்பூர்க்காரன்:

வணக்கம். இங்கே பல மாதமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 59 வயது. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் யூனிட் வைத்திருந்தேன், இப்போது தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டுக்காரம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்ச் முதல் ஜூன் வரை இருவரும் ஏசி போட்டுக்கொண்டு ஒரே அறையில் அடைந்து கிடக்கிறோம். நீலகிரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கி வெயில் காலத்தை அங்கே கழிக்கலாம், பிடித்துப்போனால் வருடம் முழுக்க இருந்துவிடலாம் என்பது திட்டம். தனி வீடு வேண்டாம். பூட்டிவிட்டு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைய முடியாது. பத்திரச் செலவோடு சேர்த்து 75 லட்சத்துக்குள் முடிய வேண்டும்.

மூன்று பார்த்திருக்கிறோம்.

முதலாவது மேல்குன்னூரில், சிம்ஸ் பூங்காவைத் தாண்டி. கட்டிப் பதினைந்து வருடம் இருக்கும், உரிமையாளர் சென்னையில். ரோட்டிலிருந்து நுழைந்து இரண்டு மாடி கீழே இறங்க வேண்டும். பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மட்டும் ஒரு கருங்கல் சுவர், வேறொன்றும் இல்லை. 66 லட்சம் சொல்கிறார்கள்.

இரண்டாவது கோத்தகிரிப் பக்கம், தேயிலைக்கு நடுவே வரப்போகும் புது புராஜெக்ட். நான்கு தளம், கிளப் ஹவுஸ். நாம் இல்லாத நாட்களில் அவர்களே டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட்டு மாதாமாதம் பணம் போட்டுவிடுவார்களாம். 58 லட்சம். இப்போதே முன்பணம் கட்டினால் தள்ளுபடி.

மூன்றாவது ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம், பழைய கட்டடம், 60 லட்சம். வீடு நல்ல விசாலம். உள்ளே போனதும் ஒரு மக்கிய வாடை அடித்தது. பெயின்ட் அடித்தால் போய்விடும் என்றார் புரோக்கர்.

எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, வீட்டுக்காரம்மாவுக்கு மூன்றாவது, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது. அங்கேயே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

வசந்தா குன்னூர்:

திருப்பூர் அண்ணா, இந்த மூன்றையும் எந்த மாதத்தில் பார்த்தீர்கள்? ஏப்ரல், மே என்றால் நீங்கள் பார்த்தது பாதி வீடுதான். மே மாதத்தில் இங்கே இடிந்த கொட்டகைகூட அழகாகத்தான் தெரியும்.

நான் பெட்ஃபோர்ட் பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளர் வேலையும் என் தலையில்தான், அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கசப்பு கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை. நீலகிரி என்றால் எல்லாம் ஒரே மலை, ஒரே மழை என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் சுமார். ஊட்டிக்கும் அதற்கு மேற்கேயும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது அந்தப் பக்கத்து மழை. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு. எங்களுக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் சோதனை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடே போனது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று வரிசையாகச் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை, நானும் இங்கேதானே இருக்கிறேன். ஆனால் உங்கள் முதல் வீட்டில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன அந்தக் கருங்கல் சுவர்தான் 66 லட்சத்தில் முக்கியமான சமாச்சாரம். பால்கனிப் பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மலையை வெட்டிக் கட்டடத்தை உட்காரவைத்த பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவரைப் பற்றிக் கட்டபெட்டுத் தம்பி இந்தப் பக்கம் வந்தால் விவரமாகச் சொல்வார், அது அவர் தொழில்.

அடுத்தது, அக்காவின் முழங்கால். நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியை என்றீர்கள். முப்பது வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவருக்கு முழங்கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரோட்டிலிருந்து இரண்டு மாடி கீழே இறங்குவது சுகம். காய்கறிப் பையோடு ஏறுவது, கேஸ் சிலிண்டர் இறக்குவது, ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிவருவது, இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் அதில் ஏறியும் பாருங்கள்.

ஆஸ்பத்திரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சின்னச் சின்னதுக்கு இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்த பிறகு கொஞ்சம் தைரியம். பெரிய ஆபரேஷன் என்றால் இன்றும் பலர் கோவைக்குத்தான் ஓடுகிறார்கள். எழுபது கிலோமீட்டர், அதில் மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். மழையில் மண் விழுந்தால் ரயிலும் நிற்கும், ரோடும் நிற்கும். இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது இங்கே சாதாரணப் பழக்கம்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று சிரிக்க வேண்டாம். குன்னூருக்கு ரேலியா அணை ஒரு முக்கிய ஆதாரம், கோடையில் அது இறங்கினால் குழாயும் இறங்கும். நீங்கள் வந்து தங்கப்போவதும் அதே மாதங்களில்தான். கீழே மாதிரி நினைத்த இடத்தில் போர்வெல் போட்டுக்கொள்ளவும் முடியாது. கட்டடத்தில் தொட்டி எத்தனை லிட்டர், ஏப்ரலில் லாரி வருமா, வந்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பிரித்து வாங்குகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டால் "இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி" என்பார்.

கடைசியாக என் ஏரியா. எங்கள் குடியிருப்பில் 18 வீடு, நிரந்தரமாக இருப்பது ஆறே குடும்பம். மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, துபாய். அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகாதவரை மொட்டைமாடி ஒழுகுவது அவர்களுக்குச் செய்தியே இல்லை. மேல்தளத்துத் தட்டோடு பெயர்ந்து இரண்டு வீட்டுச் சுவர் நனைந்தபோது, எஸ்டிமேட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல் தூக்கியவர்கள் நிறைய, பணம் போட்டவர்கள் கொஞ்சம். ஆகவே எந்த ஃபிளாட்டானாலும் சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். யார் யார் பாக்கி, பொதுநிதியில் எவ்வளவு இருக்கிறது, நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கே பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சங்கமே பதிவு செய்யாமல் ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஓடுகிறது என்றால், அங்கே எல்லாச் செலவும் அங்கே குடியிருக்கும் நாலு பேர் தலையில்தான் விழும். நீங்கள் போனால் ஐந்தாவது ஆள்.

கட்டபெட்டு சைட்:

வசந்தாக்கா கோர்த்துவிட்டார், இனி ஓட முடியாது. இருபது வருடமாக மாவட்டத்தில் சிவில் வேலை பார்க்கிறேன்.

அண்ணா, அந்தக் கருங்கல் சுவரின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருக்கிறார்களா? பின்னால் இருக்கும் மண்ணில் ஊறுகிற தண்ணீர் வெளியேற அந்த வீப் ஹோல் இருக்கத்தான் வேண்டும். துளையே இல்லாத சுவர் மழைக்காலத்தில் தண்ணீரின் எடையையும் சேர்த்துத் தாங்குகிறது. துளை இருந்து, அதில் புல்லும் மண்ணும் அடைத்துக்கிடந்தாலும் அதே கதைதான். மழைக்காலத்தில் துளையில் தண்ணீர் வடிந்தால் பயப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கலங்கலாக, சேறாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, புதிதாக சிமென்ட் பூசிய ஒட்டு இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அப்புறம் சுவருக்கு மேலே ஏறிப் போங்கள். இதை யாரும் செய்வதில்லை. மேலே இருப்பது யாருடைய இடம்? அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறார்களா, அல்லது மேல்வீட்டு செப்டிக் டேங்க்கும் கூரைத் தண்ணீரும் நேராக உங்கள் சுவருக்குப் பின்னால் இறங்குகிறதா? மேல்மனையில் யாராவது வீடு கட்ட மண் வெட்டப்போகிறார்களா? நீலகிரியில் பொக்லைன் ஓட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, ஆனாலும் ராத்திரியில் ஓடுகிற பொக்லைனை நானே பார்த்திருக்கிறேன். சரிவின் அடியை வெட்டுவதும் தண்ணீர் வடிகிற வழியை அடைப்பதும்தான் இங்கே நாங்கள் அடிக்கடி பார்க்கிற காரணங்கள். மழை கடைசியில் வந்து முடித்துவைக்கும்.

ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஒரு பக்கச் சுவராவது மண்ணை ஒட்டி இருக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இடைவெளி விட்டுத் தனிச் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது, அது நல்லது. அந்த இடைவெளியின் அடியில் வாய்க்கால் இருக்கிறதா, குப்பை அடைத்திருக்கிறதா என்று சமையலறை ஜன்னல் வழியாகவே தெரியும்.

ஊட்டி வீட்டு வாடை பெயின்டுக்குப் போகாது. ஒரு சீசனுக்கு மறையும், அவ்வளவுதான். பீரோவை நகர்த்திச் சுவரைப் பாருங்கள், அலமாரிக்குள் தலையை விட்டு மூச்சு இழுங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது, அது பெரிய வேலை. மேல்மூலையில் கறுப்புப் பூஞ்சணம் மட்டும் என்றால் வெயிலும் காற்றும் இல்லாத குறை. காலை வெயில் வரவேற்பறைக்குள் விழுகிறதா என்பது ஊட்டியில் கிரானைட் தரையைவிட முக்கியம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற ஊர் அது.

பத்திரக்காரர் பேரன்:

காகிதம் பற்றி யாரும் பேசவில்லையே.

கோத்தகிரி புராஜெக்ட்டில் எனக்கு உடனே உறுத்துவது "தேயிலைக்கு நடுவே", "நான்கு தளம்" இரண்டும். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு தேயிலை வளர்ப்பதற்காக, ஃபிளாட் வளர்ப்பதற்காக அல்ல. மரமும் சோலையும் ஒட்டிய நிலமென்றால் 1949ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் 1990 முதல் ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. நீலகிரியில் கட்டட உயரத்துக்குப் பல காலமாக 7 மீட்டர் கணக்குதான் சொல்லிவந்தார்கள். நான்கு தளம் அதில் எப்படி அடங்குகிறது என்று கம்பெனிக்காரரிடமே கேளுங்கள். சரிவில் கட்டுகிறோம், ஒரு பக்கம் இரண்டு தளம்தான் தெரியும் என்பார்கள். சரி, அங்கீகரித்த வரைபடத்தைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். விளம்பர அட்டையில் உள்ள படம் வரைபடம் ஆகாது.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலும் வீடுகள் எட்டுக்கு மேலும் இருந்தால் ரெரா (வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு இல்லாமல் முன்பணமே வாங்கக் கூடாது. பதிவு எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் போட்டுப் பாருங்கள்.

குன்னூர், ஊட்டி வீடுகள் மறுவிற்பனை. மூலப்பத்திரம், குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது, யூடிஎஸ் (நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்பது, இவ்வளவும் நகல் எடுத்து நீலகிரியில் பழக்கமுள்ள வக்கீலிடம் கொடுங்கள். திருப்பூர் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மலை விதிகள் வேறு. வெலிங்டன் கன்டோன்மென்ட் என்கிற ராணுவப் பகுதிக்குள் வரும் இடம் என்றால் அது இன்னொரு உலகம்.

செலவுக் கணக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 66 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 5.94 லட்சம். கிட்டத்தட்ட 72 லட்சம் ஆகிவிடும், மீதி மூன்று லட்சத்தில் பாத்ரூம் ரிப்பேரும் ஹீட்டரும். 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம், அதாவது 66,000 ரூபாயை நீங்கள் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். உரிமையாளர் உண்மையிலேயே சென்னையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெளிநாடுவாசி என்றால் பிடித்தம் வேறு, அதிகம்.

ஓய்வூதியன்:

மகள் சொன்ன மாத வாடகைத் திட்டத்துக்கு மட்டும் பதில். 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 சுற்றுலா வண்டி என்று வரம்பு வைத்தார்கள். ஆளே வராது என்று சொல்லவில்லை. ஆனால் "வருடம் முழுக்க உறுதியான வாடகை" என்று எழுதித் தருபவர் எந்தப் பணத்தில் தருவார்? நீங்கள் கொடுத்த 58 லட்சத்திலிருந்தே இரண்டு வருடம் தரலாம். குடியிருப்பு அனுமதி வாங்கிய கட்டடத்தில் காட்டேஜ் நடத்திச் சீல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். என் யோசனை, வாங்கவே வேண்டாம். 75 லட்சத்தை வங்கியில் போட்டு, வட்டியில் ஒவ்வொரு கோடைக்கும் வீடு வாடகைக்கு எடுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் ஏற்காடு.

திருப்பூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

பார்த்தது மே மாதம்தான், வசந்தா மேடம் சரியாகப் பிடித்துவிட்டார். முழங்காலும் உண்மை. இதைப் படித்துக்காட்டியதும் வீட்டுக்காரம்மா "யார் இந்த அம்மா?" என்று கேட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

கோத்தகிரிக் கம்பெனியிடம் வரைபடமும் ரெரா எண்ணும் கேட்டேன். "சார், முதலில் புக்கிங் போடுங்கள், பேப்பரெல்லாம் ஹெட் ஆபீசில்" என்றார்கள். மகளும் விட்டுவிட்டாள். குன்னூர் வீட்டில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சுவரில் துளைகள் தெரிகின்றன, பாதியில் பாசி. கீழே வாய்க்கால் இருக்கிறதா என்று தெரியவில்லை, பிளாஸ்டிக் டிரம் ஒன்று மறைக்கிறது.

ஓய்வூதியன் ஐயா சொன்னதைப் பாதி எடுத்துக்கொள்கிறோம். இந்த அக்டோபர் முதல் ஜனவரி வரை குன்னூரில் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று முடிவு. ரோட்டு மட்டத்தில், படி குறைவாக, சிறிய வீடாக இருந்தால் போதும். வண்டி டிஎன் 39, இ-பாஸ் தொந்தரவு இருக்குமா?

வசந்தா குன்னூர்:

நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத்தான் பாஸ் வேண்டாம். உங்களுக்கு வேண்டும், ஆனால் ஆன்லைனில் போட்டால் வந்துவிடும். அக்டோபரில் கூட்டமும் இருக்காது.

வாடகைக்கு இணையத்தில் தேடினால் டூரிஸ்ட் ரேட்தான் வரும். பெட்ஃபோர்ட், வண்டிச்சோலை, எடப்பள்ளிப் பக்கம் மளிகைக் கடைகளில் சொல்லி வையுங்கள். பூட்டிக்கிடக்கும் ஃபிளாட்டுகளின் சாவி யாரிடம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நான்கு மாதம் என்றால் யோசிப்பார்கள். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, இரண்டு மாத நோட்டீசில் காலி செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் செருப்பு, தோல் பெல்ட் கொண்டுவராதீர்கள், நவம்பரில் பச்சையாகப் பூத்துவிடும். காலை நடையில் காட்டெருமை எதிரே வந்தால் செல்போனை எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

66 லட்சம் வீடு நவம்பர் வரை விற்காமல் இருந்தால் மழையில் ஒருமுறை பார்த்துவிடலாம். அந்த டிரம்மை நகர்த்திப் பார்க்கக் கட்டபெட்டுத் தம்பியையும் இழுத்து வருகிறேன். மதியச் சாப்பாடு உங்கள் செலவு.

கட்டபெட்டு சைட்:

சாப்பாடு சரி. பெய்யும்போது வேண்டாம் அக்கா, பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் போவோம். துளையில் எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். மேல்மனைக்காரரிடம் ஏறிப் பார்க்க முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.